களையும் பயிரும்: ‘முறிந்த பனை’யை மீண்டும் படித்தபோது

சில நூல்களை ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட முடிவதில்லை. அவை விவரிக்கும் நிகழ்ச்சிகள் முடிந்துபோயிருக்கலாம். அவை எழுப்பும் வினாக்கள் முடிவதில்லை. ‘முறிந்த பனை’ அத்தகைய நூல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன், ராஜினி திரணகம ஆகிய நால்வர் ஆங்கிலத்தில் எழுதிய இந்நூல் 1990இல் வெளிவந்தது. பின்னர் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில் காங்கோ நாட்டின் கோமா நகரம், ஐ.நா. அமைதிப்படை அங்கே நின்றிருந்தும், எம்-23 கிளர்ச்சியாளர் கையில் வீழ்ந்தது. அச்செய்தியைப் படித்த நாளில் நாம் தேடி எடுத்தது இந்த நூலைத்தான்.

காங்கோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு ஒரே வினாவில் அடங்கியிருக்கிறது: அமைதி காக்கச் சென்ற படை, தாக்கும் படையாக மாறலாமா? மாறினால், அது காக்கச் சென்ற அமைதி என்னவாகும்? இவ்வினாவுக்குப் போரியல் வல்லுநர் ஒரு விடை தருவர். சட்ட அறிஞர் ஒரு விடை தருவர். அந்தப் படையின் காலடியில் வாழ்ந்த மக்கள் தரும் விடை வேறு. ‘முறிந்த பனை’யின் சிறப்பு, அது அம்மக்களின் விடையாக எழுதப்பட்டிருப்பதே.

பெயரும் பணியும்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மறுநாளே இந்தியப் படையினர் பலாலியில் வந்து இறங்கினர். மாலையிட்டு வரவேற்றனர் யாழ்ப்பாண மக்கள். ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் தங்கள் தலைக்கு மேலே பறந்து உணவுப் பொதிகளை இறக்கியதை அவர்கள் மறந்திருக்கவில்லை. அந்நாளில் நாம் இளங்குருமட மாணவர். அமைதிப்படைக்காக நம் சிற்றாலயத்தில் நன்றி மன்றாட்டு ஏறெடுத்தோம். அம்மன்றாட்டை உரத்த குரலில் வாசித்தவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே இங்கு நாம் எழுதுவது பிறர்மீது சுமத்தும் குற்றச்சாட்டு மட்டுமன்று.

ஒப்பந்தத்தின் இணைப்பில், படையின் பணி சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பகைமை நிறுத்தத்திற்கு உறுதியளிக்கவும், அதை நடைமுறைப்படுத்தவும், தேவைப்பட்டால், இலங்கைக் குடியரசுத் தலைவரின் அழைப்பின்பேரில் இந்தியப் படை வரலாம் என்பது அதன் பொருள். இலக்கிய மாணவர் எவரும் இவ்விரு வினைச்சொற்களின்மீது விரல் வைத்து நிற்பர். உறுதியளித்தல் பிணை நிற்பவன் பணி. நடைமுறைப்படுத்தல் தண்டல்காரன் பணி. பிணை நிற்பவன் இரு தரப்பாருக்கும் வேண்டியவன். தண்டல்காரனுக்கோ எவரும் வேண்டியவர் அல்லர். ஒரே கையில் இரண்டையும் கொடுத்தால், கெட்ட நாள் ஒன்று வரும்போது அக்கை முதலாவதை நழுவவிட்டு இரண்டாவதை இறுகப் பற்றிக்கொள்ளும். மேலும், 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியவர்களாகக் குறிக்கப்பட்ட போராளிகள் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள் அல்லர்.

கெட்ட நாள் விரைவிலேயே வந்தது. செப்டம்பர் 15 அன்று நல்லூர்க் கந்தசாமி கோயில் வீதியில் உண்ணாநோன்பு தொடங்கிய திலீபன் 26ஆம் நாள் இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைப் படையின் காவலில் இருந்த புலிகள் பன்னிருவர் பலாலியில் நஞ்சருந்தி மாண்டனர். அதைத் தொடர்ந்து கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அக்டோபர் 10 அன்று ‘பவன்’ எனும் பெயரில் இந்தியப் படையின் தாக்குதல் தொடங்கியது. மாலை வாங்கிய கழுத்துக்கும் மாலையிட்ட கைக்கும் இடையே இருந்த காலம் பத்து வாரம்தான்.

நூல் காட்டுவது

அந்த அக்டோபரை நூல் விவரிக்கும் முறையே நம் கவனத்திற்குரியது. பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய வீரர் முப்பதுபேரில் ஒருவர் தவிர அனைவரும் மாண்டதைப் படைத்துறை நூல்கள் வீர வரலாறாகவும் திட்டமிடலின் பிழையாகவும் பேசுகின்றன. ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களுக்கோ அது தம் வகுப்பறைக்கு அருகே நிகழ்ந்த சாவு. எறிகணை விழுந்த தெரு, அடைக்கலம் தேடி மக்கள் நிறைந்த கோயில், அடக்கம் செய்ய ஆளில்லாத உடல் என்று அவர்கள் எழுதிச் செல்கிறார்கள். எண்ணிக்கையைச் சொல்லும் இடத்திலும் முகத்தை மறைப்பதில்லை.

அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரிய ஆசுபத்திரிக்குள் படை நுழைந்தது. மறுநாள் காலை வரை நோயாளர், மருத்துவர், தாதியர், பணியாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாங்கள் நோயாளருக்கு மருத்துவம் செய்பவர்கள் என்று கூறிக் கைகளை உயர்த்தி வந்த மருத்துவர் ஒருவரும் சுடப்பட்டார். வளாகத்திலிருந்து தங்கள்மீது சுடப்பட்டதாகப் படை கூறியது. புலிகள் அங்கே வந்து நின்றதையும், படை நுழையுமுன் அகன்றுவிட்டதையும், மக்களைக் கேடயமாக்கும் அவர்களது போக்கையும் நூலாசிரியர்கள் மறைக்கவில்லை. ஆயினும் இவற்றுள் எதுவும் கட்டிலில் கிடந்த நோயாளியைக் குற்றவாளியாக்காது. அக்கொலைகளுக்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை என்பதை இன்று நாம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூலின் உயிர்ப்பகுதி, பெண்கள் பட்ட துயரைப் பற்றி ராஜினி திரணகம எழுதிய இயல். உடற்கூற்றியல் பேராசிரியையான அவர், வீடு வீடாகச் சென்று கேட்டறிந்ததை எழுதினார். தாக்குதலும் சூறையாடலும் மட்டுமல்ல, படையினரின் பாலியல் வன்முறையும் அங்கே பேசப்படுகிறது. பெரும்படை ஒன்று ஊரில் தங்கிப் பகைவனைத் தேடத் தொடங்கியதும் ஒவ்வொரு வீடும் பகைவன் வீடாகிவிடுகிறது. வீட்டில் எஞ்சியிருப்பவள் பெண். இவ்வுண்மையைப் போர்க்கள வரைபடம் காட்டாது. 1989 செப்டம்பர் 21 அன்று, நூல் முழுமையாக அச்சேறுமுன், மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய தோழர்கள் கூறினர். எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டவரை எந்தத் தரப்பும் காக்கவில்லை.

குறைகளையும் சொல்லுதல் திறனாய்வின் கடமை. நால்வர் எழுதியதால் நடை நால்வகைப்படுகிறது. அன்றாட நிகழ்ச்சிக் குறிப்பும் அரசியல் ஆய்வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கூறியது கூறலும் உண்டு. தொலைவிலிருக்கும் வாசகர் பல இடங்களில் வழி தவறுவார். ஆயினும் நெருப்புக்கு நடுவே நின்று எழுதியவரிடம் அழகிய ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையன்று. ஒழுங்கைவிட அரிதான ஒன்று இதில் உண்டு: தன் இனத்தார் செய்த கொடுமையையும் அயலார் செய்த கொடுமையையும் ஒரே தராசில் நிறுக்கும் மனம்.

இதற்கு இணையாக, படைக்குத் தலைமை தாங்கியோரின் நூல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். தீபிந்தர் சிங், சர்தேஷ்பாண்டே, ஹர்கிரத் சிங் ஆகியோர் தம் அனுபவங்களை எழுதியுள்ளனர். ஹர்கிரத் சிங் தம் நூலில் குறிப்பிடும் ஒரு செய்தி நெஞ்சில் நிற்கிறது. பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடுமாறு தமக்கு மேலிடத்திலிருந்து கூறப்பட்டதாகவும், பேச அழைத்தவனைச் சுடுவது படைவீரனின் அறமன்று என்று தாம் மறுத்ததாகவும் அவர் எழுதுகிறார். அந்த மறுப்பில் ஒரு மனச்சான்று பேசுகிறது. ஆனால் இவ்வகை நூல்களை ஆட்டிப்படைக்கும் கேள்வி, ‘நாம் ஏன் வெல்லவில்லை?’ என்பது. ‘முறிந்த பனை’ கேட்பது, ‘வென்றிருந்தால் மட்டும் அமைதி வந்திருக்குமா?’ என்பது. இரண்டாவது கேள்வியே ஆழமானது.

மறுபக்க நியாயம்

எனினும் படைவலிமை முற்றிலும் தீது என்று கூறி எளிதில் தப்பிவிட நமக்கு உரிமை இல்லை. 1994 ஏப்ரலில் ருவாண்டாத் தலைநகர் கிகாலியில், சலேசிய சபையினர் நடத்திய தொழிற்பள்ளியில் ஏறத்தாழ 2,000 பேர் அடைக்கலம் புகுந்திருந்தனர். ஐ.நா. கொடியின்கீழ் பெல்ஜிய வீரர்கள் வாயிலில் நின்றவரை கொலைஞர்கள் வெளியே காத்திருந்தனர். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வெளியேறினர். அடைக்கலம் புகுந்தோரில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1995 ஜூலையில் சிரெபிரெனிட்சாவில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்திலேயே ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். அங்கே பாவம் ஆயுதத்தைப் பயன்படுத்தியது அன்று. பயன்படுத்த வேண்டிய இடத்தில் கைகட்டி நின்றதே.

இவ்விரு வடுக்களிலிருந்தே புதிய கோட்பாடு பிறந்தது. 1956இல் சூயசுக்குச் சென்ற ஐ.நா. படையின் காலந்தொட்டு வளர்ந்த மரபுக்கு மூன்று தூண்கள்: இரு தரப்பின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கன்றி வலிமையைப் பயன்படுத்தாமை. 2000ஆம் ஆண்டின் பிராகிமி அறிக்கை, கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒன்றாகக் கருதுவது நடுநிலை ஆகாது என்று கூறியது, அது நியாயமே. 2013 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவை இன்னும் ஓரடி சென்று, காங்கோவில் ஆயுதக் குழுக்களைத் தேடித் தாக்கும் தனிப் படைப்பிரிவு ஒன்றை உருவாக்கியது. 2017இல் பிரேசில் நாட்டுத் தளபதி சாந்தோஸ் குரூஸ் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கையோ, நீலக்கொடி இனித் தானாகப் பாதுகாப்புத் தராது, தாக்குவோரைத் தேடிச் சென்று முந்திக்கொள்ள வேண்டும் என்னும் போக்கில் அறிவுரை கூறிற்று.

பயன் என்ன? அந்தத் தனிப் படைப்பிரிவின் துணையோடு 2013 நவம்பரிலேயே எம்-23 முறியடிக்கப்பட்டது. அமைதிப்படை வென்றுவிட்டது என உலகம் பாராட்டியது. எட்டாண்டு கழித்து அக்குழு மீண்டும் தலைதூக்கியது. 2025இல் கோமாவையே கைப்பற்றியது. வேர் மண்ணிலேயே இருந்தது. அறுத்தது தாளை மட்டும்.

வள்ளுவரும் நற்செய்தியும்

இவ்விடத்தில் நம் இலக்கியத்தையும் நம் நற்செய்தியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தல் நலம். செங்கோன்மை அதிகாரத்தை முடிக்கும் குறளில் வள்ளுவர், கொடியோரை வேந்தன் கொலைத்தண்டத்தால் ஒறுத்தலைப் பயிர் தழைக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும் களையைப் பற்றியே பேசுகிறார். ஆனால் அவருடைய உவமையில் வீட்டுத்தலைவர் பணியாளரைத் தடுக்கிறார். களையைப் பறிக்கும்போது கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள் என்று அஞ்சுகிறார். ஒரே உவமை, இரு வேறு தீர்ப்புகள். எது சரி?

பழனியைச் சுற்றிப் பாலாறு–பொருந்தலாறு பாசனத்தில் நடவு முடிந்த வயல்களில் களையெடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றாது. நெல்லோடு நெல்லாக முளைக்கும் ஒருவகைப் புல் உண்டு. இளமையில் அதையும் நெற்பயிரையும் பிரித்தறிதல் அரிது. வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. களையெடுப்பவள் சேற்றில் இறங்குகிறாள், குனிகிறாள், இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பார்த்து, தொட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். அவளுக்குப் பயிரைத் தெரியும். அந்த வயல் விளைந்தால்தான் அவளுக்கும் கூலி. வள்ளுவர் மனத்தில் இருப்பவன் தன் நாட்டையும் குடிகளையும் அறிந்த வேந்தன். அவர்களுக்கு முறை செய்யக் கடமைப்பட்டவன். நம் ஆண்டவர் தடுத்து நிறுத்துவதோ, பயிரை அறியாத அவசரக் கைகளை. உவமையில் வரும் பணியாளர் தாமே முன்வந்து, தாம் போய்ப் பறித்துவிடட்டுமா என்று கேட்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆபத்து அவர்களது நல்லெண்ணத்திலேயே இருக்கிறது.

1987 அக்டோபரில் யாழ்ப்பாண வயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அம்மக்களின் மொழி தெரியாது. போராளி யார், பாடம் முடிந்து வீடு திரும்பும் மாணவன் யார் என்பது தெரியாது. இரண்டு மாதம் முன்பு நண்பனாக நின்றவனையே இன்று பகைவனாகத் தேடச் சொன்னால், எளிய வீரன் என்ன செய்வான்? தோழனை இழந்த சினமும் அச்சமும் சேர்ந்தால், கண்ணில் பட்டதெல்லாம் களையாகும். ஆசுபத்திரியில் நிகழ்ந்தது இதுவே. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும், தம் வீரர்கள் தாக்கப்பட்டதை அடுத்து, இதுவே நிகழ்ந்தது.

திருச்சபையின் அளவுகோல்

நீதியான போருக்குப் புனித தாமஸ் அக்குவினார் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: முறையான அதிகாரம், நேர்மையான காரணம், நல்ல நோக்கம். ‘இன்றைய உலகில் திருச்சபை’ எனும் சங்க ஏடு, அமைதி என்பது போரில்லாமை மட்டுமன்று, நீதியின் கனி என்று கற்பித்தது. மக்களின் பாதுகாப்புக்கு ஊழியராய்ப் பணிபுரியும் படைவீரரையும் அமைதிக்கு உழைப்பவராக மதித்தது. 2000ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பிற வழிகள் அனைத்தும் தோற்றபின் வன்செயலாளரின் ஆயுதத்தைக் களைவது கடமையும் ஆகலாம் என்றார். அதே மூச்சில், காலத்திலும் நோக்கத்திலும் அதற்கு எல்லை வேண்டும், பன்னாட்டுச் சட்டத்துக்கு அது முற்றிலும் உட்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறினார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், நீதியான போர் என்னும் பேச்சையே இன்றைய ஆயுதங்களின் முன்னே ஏற்றுக்கொள்வது கடினம் என்று எச்சரித்தார்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், அமைதிப்படையை அளக்க மூன்று கேள்விகள் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, அது எங்கே நிற்கிறது? அடைக்கலம் புகுந்தோர் இருக்கும் வாயிலில் நின்று, உள்ளே நுழைபவனைத் தடுக்கச் சுடுவது காவல். கிகாலியின் பள்ளி வாயிலில் அப்படித்தான் சுட்டிருக்க வேண்டும். வாயிலை விட்டு நகர்ந்து, பகைவனைத் தேடி ஊருக்குள் புகுந்து, ஊரையே முற்றுகையிடுவது போர். இரண்டிலும் துப்பாக்கி ஒன்றே; செயல் ஒன்றன்று. இரண்டாவது, தான் யாரைக் காக்கிறது என்பதை அது அறியுமா? மூன்றாவது, அது தவறினால், காக்கப்பட்டவர்களே அதை வினவ முடியுமா?

மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. போரில் இறங்கிய படைக்கு எதிரே எதிரிப் படை இருக்கும். போர்ச் சட்டம் இருக்கும். அமைதி காக்கும் பெயரோடு போரில் இறங்கிய படைக்கோ பெயரே கவசமாகிவிடுகிறது. அமைதிக்காக வந்தவர்கள் கொன்றிருக்க மாட்டார்கள் என்று உலகம் நம்பிக்கொள்கிறது. பெயர் பொய்யாகும்போது, செத்தவனின் சாட்சியமும் பொய்யாக்கப்படுகிறது. ஆகவே, தாக்கும் போரில் இறங்க வேண்டிய நிலை உண்மையிலேயே வந்துவிட்டால், படை முதலில் செய்யவேண்டியது தன் பெயரைக் களைவது. போர் என்றால் போர் என்று சொல்லட்டும். அதற்குரிய கணக்கையும் கொடுக்கட்டும்.

காயங்களைக் காட்டும் அமைதி

நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் ஈழ ஏதிலியர் முகாம்கள் உண்டு. 2022இல் தோட்டனூத்தில் அவர்களுக்குப் புது வீடுகள் திறக்கப்பட்டன. அத்தகைய முகாம் ஒன்றில் ஒரு முதியவரிடம் பேசுகையில் நாம் ‘அமைதிப்படை’ என்ற சொல்லைப் பயன்படுத்தினோம். அவருக்கு விளங்கவில்லை. சற்றுப் பொறுத்து, “நீங்கள் சொல்லுறது இந்தியன் ஆமியைத்தானே, சுவாமி?” என்று கேட்டார். அவர் குரலில் கசப்பு இல்லை. சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவே. நாம் படித்த திறனாய்வுகள் அனைத்திலும் அதுவே சுருக்கமானது.

அப்படையிலும் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுள் தமிழரும் இருந்தனர். பரம்வீர் சக்கர விருது பெற்ற மேஜர் பரமேஸ்வரன் தமிழரே. 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல்கள் புறப்பட்டன. சென்னையில் அவர்களை வரவேற்க மாநில முதலமைச்சர் செல்லவில்லை. எதற்காகச் சென்றோம் என்பதை எவரும் தெளிவாகக் கூறாமல் அனுப்பப்பட்டு, அதே நிலையில் திரும்பியவர்கள் அவர்கள். இறந்தோர் அனைவருக்காகவும் நாம் மன்றாடும் நவம்பர் 2இல், யாழ்ப்பாண ஆசுபத்திரியின் நோயாளியையும், பல்கலைக்கழக மைதானத்தில் வீழ்ந்த சீக்கிய இளைஞனையும், ராஜினியையும் ஒரே மன்றாட்டில் சேர்க்க நமக்கு முடியுமானால், ‘முறிந்த பனை’யைச் சரியாகப் படித்தோம் என்று பொருள்.

உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து சீடருக்கு அமைதி வாழ்த்துக் கூறியபின், தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார் என்று யோவான் எழுதுகிறார். அமைதியைச் சொன்னவர் தம் காயங்களை மறைக்கவில்லை. அவை பிறர் அவருக்கு இழைத்த காயங்கள். அமைதியின் பெயரால் செல்லும் படையிடம் நாம் கேட்பது அதனினும் எளியது: பிறருக்கு நீ இழைத்த காயங்களையாவது மறைக்காதே. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நாமும் அவற்றை மறைக்கத் துணைநின்றோம். அன்று சிற்றாலயத்தில் நாம் உரக்க வாசித்த நன்றி மன்றாட்டுக்கு, மன்னிப்பு மன்றாட்டு ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது.